தலைமையாசிரியரின் கணக்குப் புத்தகம்

மும்பையில் மழையும் பள்ளிக்கூடமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்கின்றன. கோடை விடுமுறைக்கு ஊர் சென்ற நம் குடும்பங்கள் ஜூன் திங்களின் நடுவில் இரயிலேறித் திரும்புகின்றன. தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் குடையும் நோட்டுப் புத்தகமும் அடுத்தடுத்து விற்பனையாகின்றன. இந்நாள்களில் நம்மைக் காண வரும் அன்பர்கள் கேட்கும் கேள்விகள் ஆண்டுதோறும் மாறுவதில்லை. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம்? தமிழ் வழியா, ஆங்கில வழியா? பள்ளி வீட்டுக்கு எவ்வளவு தொலைவு? இவையெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆயினும் அப்பள்ளியின் தலைமையாசிரியர் யார், பள்ளிக்கு வரும் பணத்தை அவர் எவ்வாறு ஆள்கிறார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நாமும் அதுபற்றி இப்பகுதியில் எழுதியதில்லை. சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி அக்குறையை நமக்கு உணர்த்திற்று.

தாராவியில் வாழும் ஒரு தாய் ஒருநாள் மாலை நம்மிடம் வந்தார். நெல்லைச் சீமையிலிருந்து வாழ்க்கைப்பட்டு இங்கு வந்தவர்; நான்கு வீடுகளில் வேலை செய்பவர். அவருடைய மகள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். அவரும் அப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் ஓர் உறுப்பினர். கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த ஒரு படத்தை நம்மிடம் நீட்டினார்.

“அண்ணாச்சி, போன கூட்டத்தில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் மராத்தியில் இருந்தது. எதற்குப் போட்டேன் என்று வாசித்துச் சொல்லுங்கள்” என்றார்.

வாசித்தோம். பள்ளிக்கு வந்த மானியத்தில் ஒரு பகுதியைக் கொண்டு நுழைவாயிற் சுவருக்கு வண்ணம் பூசுவது, அலுவலக அறைக்கு ஓர் அலமாரி வாங்குவது என்னும் தீர்மானம் அது. தொகை எழுதப்பட்டிருந்தது; பில் எண்ணும் இருந்தது. களவு என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. அந்த அம்மையார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “என் மகள் பள்ளிக்கூடத்தில் தண்ணீரே குடிப்பதில்லை அண்ணாச்சி. பெண்பிள்ளைகள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வீட்டுக்கு வரும்வரை அடக்கிக்கொண்டு இருக்கிறாள்” என்றார்.

ஒரு தாழ்ப்பாளின் விலை சில நூறு ரூபாய். சுவருக்கு வண்ணம் பூசப் பணம் இருந்தது, தாழ்ப்பாளுக்கு இல்லை. இவ்விரண்டில் எது முந்தியது என்று தீர்மானித்தவர் ஒருவர். அத்தீர்மானத்துக்குக் கையெழுத்திட்டவர், அது இன்னதென்று அறியாத மற்றொருவர். தொடக்கப் பள்ளியின் தலைமையும் பண நிருவாகமும் எங்கே சந்திக்கின்றன என்பதை அன்று கண்டோம்.

தலைமையாசிரியரைக் குறை கூறுவது எளிது. அவர் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இருபது ஆண்டுகள் கரும்பலகையின்முன் நின்று பாடம் சொன்னவர் அவர். பணிமூப்பு வருகிறது; ஒருநாள் காலையில் பள்ளிச் சாவியும் செக்குப் புத்தகமும் அவர் கையில் தரப்படுகின்றன. கற்பிக்கக் கற்றவர், கணக்கெழுதக் கற்றவர் அல்லர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் இணைப்புப்படி, முதல் ஐந்து வகுப்புகளில் 150 பிள்ளைகளுக்குமேல் இருந்தால்தான் தலைமையாசிரியர் ஒருவர் தனியாக உண்டு. அதனினும் சிறிய பள்ளியில் வகுப்பெடுக்கும் ஆசிரியர் ஒருவரே பொறுப்பையும் சுமப்பது வழக்கம். மும்பை மாநகராட்சியோ தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. ஒரே கட்டடத்தில் மூன்று நான்கு மொழிப் பள்ளிகள் இயங்குவதையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமையாசிரியர் இருப்பதையும் நம் வாசகர் அறிவர். தண்ணீர்த் தொட்டி ஒன்று, மாடிப்படி ஒன்று, வாயில் ஒன்று; பொறுப்பாளர் மட்டும் பலர். அங்கே ஒருவர் மற்றவரோடு பேசி இணங்கிச் செய்யாவிட்டால் தொட்டியைக் கழுவுவாரும் இலர்.

இனி, பணத்தைப் பார்ப்போம். 2018ஆம் ஆண்டில் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டத்தின் நெறிமுறைப்படி, அரசு மற்றும் உள்ளாட்சிப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகுப்பு மானியம் உண்டு. 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய்; 100 வரை 25,000; 250 வரை 50,000; 1,000 வரை 75,000; அதற்கு மேல் ஓர் இலட்சம். இதில் பத்தில் ஒரு பங்கையேனும் தூய்மைக்கெனச் செலவிட வேண்டும். 240 பிள்ளைகள் படிக்கும் பள்ளியை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 208 ரூபாய்தான். தூய்மைக்கு 5,000. இவ்வளவு சிறிய தொகையில் எதை முதலில் செய்வது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்பதுதான் தலைமையாசிரியரின் அறிவுக்கு வரும் சோதனை. பணம் மிகுதியாக இருக்கும் இடத்தில் தவறு மறைந்துபோகும். 208 ரூபாயில் ஒரு தவறு செய்தால் அது ஒரு பிள்ளையின் வயிற்றிலோ உடம்பிலோ தெரிந்துவிடும்.

மதிய உணவிலும் அவ்வாறே. தொடக்க வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம் என்பது அளவு. 240 பிள்ளைகளுக்கு 24 கிலோ. ஒருநாள் 200 பிள்ளைகளே வந்திருக்க, பதிவேட்டில் 240 என்று எழுதினால் 4 கிலோ கணக்கில் மட்டும் சமைந்துவிடுகிறது. சட்டம் கூறும் 200 வேலை நாள்களுக்கும் இவ்வாறே எழுதினால் 800 கிலோ. வருகைப் பதிவேடு என்பது பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் மட்டும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது பணப் பதிவேடும் ஆகும். காலையில் தலைகளை எண்ணி உள்ளபடி எழுதும் ஆசிரியரே நல்ல நிருவாகி. வீட்டிலே நம் பெண்கள் அரிசியைப் படியால் அளந்து உலையில் இடுவதில்லையா? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னது பள்ளிக்கும் பொருந்தும்.

கணக்குத் தவறினால் பணம்தானே போகும் என்று சிலர் எண்ணக்கூடும். ஜூலைத் திங்கள் 16ஆம் நாள் நமக்கு வேறு பாடம் கூறுகிறது. 2004ஆம் ஆண்டு அந்நாளில் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக் கட்டடத்தில், சத்துணவு சமைத்த இடத்திலிருந்து எழுந்த தீ கூரைவேய்ந்த மேல்மாடி வகுப்புகளைப் பற்றிக்கொண்டது. 94 குழந்தைகள் மாண்டனர். அக்கொடுமையை ஒட்டித் தொடுக்கப்பட்ட வழக்கில், 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் நாடெங்கும் பள்ளிகள் தீப்பாதுகாப்புக் கருவிகளும் கட்டடப் பாதுகாப்பும் உடையனவாய் இருக்க வேண்டும் என ஆணையிட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2013ஆம் ஆண்டு, அதே ஜூலை 16ஆம் நாள், பீகார் மாநிலம் சரண் மாவட்டத்துக் கண்டாமன் சிற்றூர்ப் பள்ளியில், பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவை உண்டு 23 குழந்தைகள் இறந்தனர். 2016ஆம் ஆண்டில் நீதிமன்றம் அப்பள்ளித் தலைமையாசிரியையைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது.

இவ்விரு துயரங்களையும் நினைக்க நெஞ்சு பதறுகிறது. ஆயினும் நினைக்க வேண்டும். எண்ணெய் எங்கே வாங்கப்பட்டது, எந்தக் கலத்தில் வைக்கப்பட்டது, பரிமாறுமுன் சுவைத்துப் பார்த்தவர் யார் என்னும் கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டிய இடம் பள்ளியின் இருப்புப் பதிவேடு. அடுப்பை எங்கே வைப்பது, கூரையை எதனால் வேய்வது, மாடியிலிருந்து இறங்க எத்தனை வழி என்பன கட்டடச் செலவுக் கணக்கில் முடிவு செய்யப்படுபவை. பிள்ளைகளின் உயிர் இவ்வாறு பதிவேட்டின் வரிகளுக்கிடையே இருக்கிறது.

நல்ல தலைமையாசிரியர் என்பவர் யார்? கையூட்டு வாங்காதவர் என்றால் போதுமா? போதாது. நாம் அறிந்த நேர்மையாளர் சிலர் தணிக்கைக்கு அஞ்சிப் பணத்தைத் தொடாமலே விட்டுவிடுகின்றனர். மானியமும் பல ஆண்டுகளில் நிதியாண்டின் பிற்பாதியில்தான் கைக்கு வருகிறது. மார்ச்சு 31 நெருங்கும்போது, ஒன்று பணம் செலவழியாமல் நிற்கிறது. அல்லது கண்ணில் பட்ட பொருள் அவசரமாக வாங்கப்படுகிறது. சுவருக்கு வண்ணமும் அலமாரியும் பெரும்பாலும் இவ்வாறே தோன்றுகின்றன. திருடாதிருப்பது முதற்படி. ஜூன் திங்களிலேயே பள்ளியைச் சுற்றி வந்து, எது உடைந்திருக்கிறது, எது ஒழுகுகிறது, எதனால் எந்தப் பிள்ளை துன்புறுகிறது என்று பட்டியல் எழுதி வைத்திருப்பவரே, பணம் எந்நாளில் வந்தாலும் அதனை நன்கு பயன்படுத்த வல்லவர்.

அவர் துணியவும் வேண்டும். 2015ஆம் ஆண்டின் மதிய உணவு விதிகளில் ஒரு விதி உண்டு. தானியமோ சமையற் செலவுப் பணமோ தற்காலிகமாகக் கிடைக்காமற் போனால், பள்ளியில் உள்ள வேறு நிதியை எடுத்து உணவு நிற்காமல் பார்த்துக்கொள்ளத் தலைமையாசிரியருக்கு அதிகாரம் உண்டு என்பது அது. மேலிடத்துக் கடிதம் வரும்வரை பிள்ளைகளைப் பட்டினி போட வேண்டியதில்லை. விதியை அறிந்து, அதன்படி நடந்து, நடந்ததை எழுதி வைப்பவருக்குத் தணிக்கையைக் கண்டு அச்சம் எதற்கு? 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளித் தலைவர்கள் ஆண்டுதோறும் 50 மணி நேரம் தலைமைப் பயிற்சியும் நிருவாகப் பயிற்சியும் பெற வேண்டும் என்று கூறுகிறது. அப்பயிற்சியில் இத்தகைய விதிகளைக் கற்பிப்பார்களாயின் நலம்.

தலைமை என்பது ஊரைச் சேர்த்துக்கொள்ளுதலும் ஆகும். சென்னை மாநிலத்தில் காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தை மூத்தோர் நினைவுகூர்வர். 1956ஆம் ஆண்டில் பரவத் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் முதலில் பொதுமக்கள் நன்கொடையாலும், பின்னர் அரசின் பங்கும் சேர்ந்தும் வளர்ந்தது. அதனையடுத்து, கல்வித்துறை இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று ஆசிரியர்கள் பட்டியல் எழுத, ஊரார் நிலமும் கட்டடமும் பலகையும் சீருடையும் கொடுத்தனர். நம் மாட்டுங்காவிலும் 1932ஆம் ஆண்டில் எம். வி. வெங்கடேசுவரன் நிறுவிய தென்னிந்தியக் கல்விக் கழகம் ஒரு சிறு தொடக்கப் பள்ளியிலிருந்துதான் கல்லூரிகள் நடத்தும் அளவுக்கு வளர்ந்தது. கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று தெரிந்தால்தான் மக்கள் மறுமுறையும் கொடுப்பர். இது கடைக்காரரும் சீட்டுப் பிடிப்பவரும் அறிந்த உண்மை.

கணக்கைத் திறந்து வைப்பதன் வலிமையைக் கடல் கடந்த உகாண்டா நாடும் காட்டியது. 1991 முதல் 1995 வரை அந்நாட்டு அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக நூற்றுக்கு 13 பங்கே பள்ளிகளை அடைந்தது என்று ரெயினிக்கா, சுவென்சன் என்னும் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதன்பின் அரசு, எவ்வளவு அனுப்பினோம் என்பதை நாளிதழ்களில் வெளியிட்டது. பள்ளிகளிலும் அறிவிப்பு ஒட்டச் செய்தது. 2001ஆம் ஆண்டில் நூற்றுக்கு 80 பங்குக்குமேல் பள்ளிகளை அடைந்தது. வேறு சீர்திருத்தங்களும் துணைபுரிந்தன என்று பின்வந்த ஆய்வாளர் கூறுவர். எனினும், பெற்றோர் பார்க்கும் இடத்தில் ஒட்டிய ஒரு தாளுக்கு அதில் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை.

அத்தாளால் ஏழைக் குடும்பத்துக்கு வேறொரு பயனும் உண்டு. ஆந்திர மாநிலத்துப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வில், பள்ளிக்கு மானியம் வரும் என்று முன்னரே அறிந்த பெற்றோர் தம் கைச்செலவைக் குறைத்துக்கொண்டனர் என்று தெரிந்தது. இது இயல்பே. மும்பை மாநகராட்சி தன் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை, புத்தகப் பை, காலணி, நோட்டு என 27 பொருள்களை இலவசமாக வழங்குகிறது. அவற்றுள் எவை எந்த வாரத்தில் வரும் என்று தலைமையாசிரியர் முதல் நாளிலேயே பலகையில் எழுதி வைத்தால், கூலிவேலை செய்யும் தாய் அதே நோட்டைக் கடன் வாங்கி வாங்க வேண்டியதில்லை. அந்தப் பணம் பிள்ளையின் பாலுக்கு ஆகும்.

இதுவரை தலைமையாசிரியரின் கடமையைக் கூறினோம். நம் கடமை என்ன? கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசு, உள்ளாட்சிப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராயிருத்தல் வேண்டும். குழுவில் பாதிப்பேர் பெண்களாயிருத்தல் வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும், மானியம் எவ்வாறு செலவாகிறது என்று கண்காணிப்பதும் அக்குழுவின் பணிகள். உதவிபெறும் பள்ளிகளிலும், மொழிச் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் குழுவுக்கு அறிவுரை கூறும் உரிமை மட்டுமே உண்டு என 2012ஆம் ஆண்டில் திருத்தம் வந்தது. அறிவுரைக்கும் மதிப்பு உண்டு. தனியார் பள்ளியில் கட்டணம் செலுத்தும் செம்பூர், மாட்டுங்கா அன்பர்களுக்கு 2011ஆம் ஆண்டின் மகாராட்டிரக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. அதன்படி அமையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் செயற்குழு, கட்டணத்தை ஆராய்ந்து ஒப்ப வேண்டும்.

உரிமை ஏட்டில் இருக்கிறது. நாம் கூட்டத்துக்குப் போவதில்லை. ஒருநாள் கூலி போய்விடுமே என்பது ஒரு காரணம். மொழி தெரியாதே என்பது மற்றொன்று. படித்தவர் நடுவில் என்ன பேசுவது என்னும் கூச்சம் மூன்றாவது. இவற்றுள் கூலியைப் பற்றி நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை. கூட்டத்தை வேலை முடிந்த நேரத்தில் வைக்குமாறு தலைமையாசிரியரைக் கேட்கலாம். மொழிக்கு வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. இங்கே பிறந்து மராத்தி நன்கு கற்ற நம் இளைஞர் ஒவ்வொரு தெருவிலும் உள்ளனர். திங்களுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அண்டை வீட்டுத் தாய்மார்க்குத் தீர்மானப் புத்தகத்தை வாசித்துச் சொல்வார்களாயின் அதுவே பெரிய தமிழ்த் தொண்டு.

கேட்க வேண்டியவையும் அரிய கேள்விகள் அல்ல. இவ்வாண்டு எவ்வளவு பணம் வந்தது? எந்நாளில் வந்தது? எதற்குச் செலவானது, இரசீது எங்கே? தண்ணீர்த் தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது? தீயணைக்கும் கருவியின் காலக்கெடு முடியாமலிருக்கிறதா? அடுத்த மானியத்தில் முதற் செலவு எது? இவற்றைக் குற்றம் சாட்டும் குரலில் கேட்க வேண்டாம். குடும்பச் செலவைக் கணவனும் மனைவியும் பேசுவதுபோலக் கேட்கலாம். வாசிக்காத தாளில் மட்டும் கையெழுத்திட வேண்டாம்.

நாம் முதலிற் கூறிய அம்மையாரின் செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். அடுத்த கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியை உடனழைத்துக்கொண்டு சென்றார். பேசும்போது நா குழறிற்று என்றார். தாழ்ப்பாளைப் பற்றி மட்டும் கேட்டார். தலைமையாசிரியை சினங்கொள்ளவில்லை. “மாடிப் பழுதெல்லாம் மாநகராட்சிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். இந்தச் சிறு வேலையை நானே செய்திருக்க வேண்டும். எவரும் சொல்லாததால் விட்டுப்போயிற்று. நீங்கள் தீர்மானமாக எழுதிக் கொடுத்தால், நாளைக்கு வேறு செலவு சொல்லி வருபவர்களிடம் காட்ட எனக்கும் பலம்” என்றாராம். அந்தத் தீர்மானம் மராத்தியில் எழுதப்பட்டது, மாணவி அதனைத் தமிழில் வாசித்துச் சொன்னாள், அம்மையார் கையெழுத்திட்டார். மறுவாரம் இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் வந்தது.

சில நாள் கழித்துக் கடைத்தெருவில் அவரைக் கண்டோம். மகளுக்குப் புதிதாக ஒரு தண்ணீர்ப் புட்டி வாங்கிக்கொண்டிருந்தார்.

இவ்வாண்டும் பள்ளிகள் திறந்துவிட்டன. குழுக்கூட்டங்கள் இனிக் கூடும். நம் வாசகர்களுள் குழு உறுப்பினராயுள்ள தாய்மாரும் தந்தையரும் தம் பள்ளியின் முதற் செலவு எதுவாயிற்று என்று நமக்கு எழுதுவார்களாக. அடுத்த திங்கள் இப்பகுதியில் அவற்றைப் பற்றிப் பேசுவோம்.